சாட்சிக்கு ஒரு பெயர்

நார்ஃபோக் கடற்படைத் தளத்தில் ரகசிய வரைபடங்களைக் கையாளும் வேலை. டினீஸை நம்பி அதைக் கொடுக்கலாமா என்று விசாரிக்க வந்திருந்தாள் அதிகாரி மார்லா.

"வலி மாத்திரைக்கு அடிமையா இருந்தேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம். மூணு மாசம் மறுவாழ்வு மையத்துல இருந்தேன். ஆறு வருஷமா தொடல."

"டாக்டர் கடிதம் இருக்கு. நேர்ல பார்த்த சாட்சி வேணும். அங்க உங்க அறையில கூட இருந்தது யாரு?"

"அதைச் சொல்ல மாட்டேன். அங்க பார்த்தவங்க பேரை வெளியில சொல்றதில்லைன்னு எல்லாரும் சத்தியம் பண்ணியிருக்கோம்."

"அப்ப இந்த வேலை கிடைக்காது, டினீஸ்."

டினீஸ் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். இரண்டு வருடமாகக் காத்திருந்த வேலை.

"கிடைக்காட்டி போகட்டும் மேடம்."

மார்லா கோப்பை மூடினாள்.

"இனி இதை நான் விசாரிக்கக் கூடாது. வேற அதிகாரி வருவார். சாட்சின்னு என் பேரை எழுதிக் கொடு."

"உங்க பேரையா?"

"பக்கத்துக் கட்டில்ல மூணு மாசம் படுத்திருந்தவ நான்தானே! வாயைத் திறக்கிறியான்னுதான் பார்த்தேன். என்னமா நடிக்கிற, பாவி!"

டினீஸ் அப்போதுதான் சிரித்தாள்.

"உன் குறட்டை நின்னுடுச்சாடி?"