நான்கு எலுமிச்சம்பழங்கள்

இனியவன் வாலாஜாபாத் பழைய இரும்புக் கடையில் மலிவாக வாங்கிய குட்டி எலக்ட்ரிக் காரில் பேட்டரி இல்லை. பழுதான மோட்டாரையும் கழற்றிக் கூடத்தில் வைத்திருந்தான். ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி சத்யப்பிரியாவை பைக்கில் ஏற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிரசவத்துக்குள் கார் ஓடியாக வேண்டும்.

ஆயுத பூஜையன்று காருக்குப் பொட்டு வைத்து, நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்தான்.

"ஓடாத வண்டிக்கு இன்னாத்துக்குய்யா எலுமிச்சம்பழம்?" என்று சத்யப்பிரியா சிரித்தாள்.

"கம்பெனில நின்னுபோன மெஷினுக்கே பொட்டு வெக்கிறோம். இதுவும் ஓடும், பாரேன்."

மறுநாள் காலையில் நான்கு பழங்களும் நசுங்கியிருந்தன. டயர்களைச் சுற்றிலும் விதைகள் ஒட்டியிருந்தன. கார் நிறுத்திய இடத்திலேயே நின்றது. கேட்டில் பூட்டு தொங்கியது. மோட்டார் கூடத்தில் சாக்கின்மேல் அப்படியே கிடந்தது.

அவன் விதையொன்றைப் பிய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அவள் கத்தினாள்.

"யோவ், இப்பவே வலி வந்துடுச்சுய்யா!"

அவளைத் தாங்கி வந்து வாசற்படியில் உட்காரவைத்துவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்தான். ஒரகடம் ரோட்டில் லாரிகள் நிற்பதால் நேரமாகும் என்றார்கள்.

திரும்பிப் பார்த்தான். அவன் பூட்டி வைத்திருந்த கார்க் கதவு திறந்திருந்தது. சத்யப்பிரியா உள்ளே உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கேட்டைத் தொறய்யா," என்றாள்.