வலிக்கும் வண்டி

மழை விட்ட வெயிலில், தம்பானூர்ப் பக்கம் பழைய வண்டி விற்கும் கடையில் இரண்டு பிக்கப்புகள் ஆவி விட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒன்று சின்னது, ஒன்று பெரியது. வாங்கும் வண்டி தண்ணீர் டிரம்மையும் கேஸ் சிலிண்டர்களையும் முதுகில் சுமந்து, பிச்சைக்கனியின் சக்கரம் வைத்த டீக்கடையையும் பின்னால் கட்டிக்கொண்டு பொன்முடி வளைவுகளில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் பிழைப்பு அடிவாரத்தோடு சரி. "சின்னதானாலும் நல்லோணம் வலிக்கும், சேச்சி," என்கிறார் மலையாளி விற்பனையாளர். போன வாரம்தான் தென்காசியிலிருந்து வந்த பிச்சைக்கனியின் மனைவி பூமாரி, காய்ச்சல் பார்ப்பதுபோல் சின்ன வண்டியின் பானெட்டைத் தொடுகிறாள். "எங்க வலிக்குமாம்?" "இழுக்கும்ங்கறத இவங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க, புள்ள," என்கிறான் பிச்சைக்கனி. அவள் கையை எடுக்கவில்லை. வண்டிக் கண்ணாடியில் ஒரு மேகம் மெதுவாகக் கடந்துபோகிறது. "இழுக்கறதும் வலிக்கறதும் ஒண்ணுதானே," என்கிறாள். "பெருசையே கேளுங்க."