மஞ்சள் அறை

“கோட்டுக் கையில என்னம்மா குப்பை?” என்றார் பேராசிரியர்.

ஆய்வக வாசலில் நின்ற ஆராய்ச்சி மாணவியின் வெள்ளைக் கோட்டில், முழங்கைக்குக் கீழே ஒரு துண்டு டேப் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. காப்புரிமைக் குழுவின் நிபுணர் வருகிற நாளில்கூடத் துப்புரவாக வரத் தெரியாத பெண்!

“அது வந்து சார்...”

“ஒண்ணும் சொல்ல வேணாம். மேடம் முன்னாடி உன் வாயிலேருந்து ஒரு சத்தம் வரக்கூடாது.”

“சரி சார். மேடம் வந்து அரை மணி ஆச்சு. உள்ளதான் இருக்காங்க.”

பேராசிரியர் அவளை முறைத்தார். ஒளியால் பாலிமரில் கோடு வரையும் முறைக்குத் தன் பெயரை மட்டும் போட்டுக் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். இந்த ஊமைக்கோட்டான், “வேலை செய்தது நான்” என்று குழுவுக்குக் கடிதம் போட்டுவிட்டது. ஒரு பெயரா, இரண்டு பெயரா என்று இன்றைக்கு முடிவாகிவிடும்.

உள்ளே ஜன்னல் கிடையாது. மஞ்சள் விளக்கு ஒன்றுதான் எரிந்தது.

“மூணு வருஷமா பாத்திரம் கழுவினா, மேடம். அதுக்குப் பேர் போடணும்னா துடைப்பத்துக்கும்தான் போடணும்,” என்று சிரித்தார் பேராசிரியர்.

நிபுணர் சிரிக்கவில்லை. “அப்ப செஞ்சது?”

“நானேதான். பத்து வருஷமா இந்த அறையிலதான் குடித்தனம். என் வீட்டுக்காரியைக் கேட்டுப் பாருங்க.”

“அவங்க எதுக்கு? ஒண்ணு செஞ்சு காட்டுங்களேன்.”

மாணவி பூசி வைத்திருந்த கண்ணாடித் தகட்டைப் பேராசிரியர் எடுத்தார். “ஒளி பட்ட இடத்துல இந்தப் பூச்சு இறுகிடும். மத்ததைக் கழுவினா போயிடும். மிஞ்சின கோட்டுல கரண்ட் ஓடும். ஊதா விளக்குல பச்சையா மின்னும்.” மாணவியின் ஆய்வேட்டில் காலையில் படித்தது. ஒரு சொல் பிசகவில்லை.

அவர் அழைத்து வந்திருந்த போட்டோக்காரர் நெளிந்தார். “சார், இந்த லைட்டுல மஞ்சக்காமாலை வந்தவர் மாதிரி படத்துல விழறீங்க.”

பத்திரிகையில் மஞ்சக்காமாலையா? பேராசிரியர் எட்டி இரண்டாவது சுவிட்சைப் போட்டார். அறை வெள்ளை வெளேரென்று ஆனது.

மாணவி நிபுணரைப் பார்த்தாள். நிபுணர் கடிகாரத்தைப் பார்த்தார்.

தகட்டைக் கோப்பை மாதிரி தூக்கிப் பிடித்தபடி பேராசிரியர் பத்துப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு தன் பெயரின் முதல் எழுத்தை வெட்டிய தாளைத் தகட்டின் மேல் வைத்தார், ஒளி பாய்ச்சினார், கழுவினார். விளக்குகளை அணைத்து, ஊதா விளக்கைப் பெருமையோடு ஏற்றினார்.

பாசி பிடித்த குளம் போல, தகடு முழுக்க ஒரே பச்சை.

“எழுத்து எங்க?” என்றார் நிபுணர்.

“பூச்சு சரியில்ல, மேடம். இவ பூசினது!”

“பூச்சுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க போட்ட வெள்ளை லைட்டுல மொத்தமும் இறுகிப்போச்சு. அது ஆகாதுன்னுதானே இங்க மஞ்சள் லைட்டு?”

பேராசிரியர் விளக்கைப் போட்டு அந்த இரண்டாவது சுவிட்சைப் பார்த்தார். அதைச் சுற்றிப் பசைத் தடம். பளிச்சென்று ஏதோ உறைக்க, மாணவியின் கோட்டுக் கையிலிருந்த டேப்பை வெடுக்கென்று பிடுங்கி விரித்தார். ‘போடாதீர்கள்’ என்று சிவப்பு எழுத்து.

“பாருங்க மேடம்! சுவிட்ச் மேல ஒட்டியிருந்ததைப் பிச்சு எடுத்திருக்கா! திட்டம் போட்டுக் கழுத்தறுத்துட்டா! இது மட்டும் இருந்திருந்தா நான் அதைத் தொட்டிருப்பேனா?”

“மாட்டீங்க,” என்றார் நிபுணர். விண்ணப்பத்தை விரித்து, அதில் இருந்த ஒரே பெயரை அடித்துவிட்டு, மாணவியின் பெயரை நிதானமாக எழுதினார்.

“அதனாலதான் பிச்சு எடுக்கச் சொன்னேன்.”