புஹாரி கொடுத்த படம்

"இந்தப் படத்த நீங்களே வெச்சுக்குங்க புஹாரி நானா. எங்க வீட்டுச் சுவருக்கு இந்தப் பாவம் வேணாம்!"

சண்முகராஜா மேசைமேல் போட்ட வேகத்தில் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது. பலாபத்வலயில் தெருவோரமாக இருந்த அந்தப் படக்கடையில் முருகனும் புத்தரும் மக்காவும் ஒரே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் புஹாரி எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன சண்முகம், வந்ததும் வராததுமா? மொதல்ல உக்காருங்க. பிளேன்டீ சொல்லவா?"

"ஒங்க பிளேன்டீயக் குடிச்ச வாய்க்கு நல்லா வேணும். இந்தக் கடைக்கு மாடி கட்டினப்ப சீமெந்து மூட்டை தூக்கினவன் நானு. என்னையவே கோமாளியாக்கிட்டீங்களே!"

புஹாரி படத்தைக் கையில் எடுத்தார். கறுப்பு வெள்ளையில் பெரிய கற்கட்டடம். ஈட்டி ஈட்டியாக வானத்தைக் குத்தும் கோபுரங்கள், மேலே கூராகிப் போகும் வாசல்கள், நடுவில் தேர்ச்சக்கரம்போல ஒரு சன்னல்.

"நல்ல படம்தானே. இதுல என்ன குத்தம்?"

"வெளிநாட்டு ராசா அரமனைன்னு நம்பி மாட்டினேன். எல்கடுவயில எங்க தோட்டத்துச் சர்ச்சு தகரம் போட்ட கொட்டகை. இதுவும் சர்ச்சுன்னு நான் எங்க கண்டேன்?"

புதுவீட்டில் பால் காய்ச்சி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நேற்று மாரியம்மன் கோயில் தலைவர் வாசலில் வந்து நின்று, 'இது சர்ச்சு' என்று யாரோ அனுப்பியதாகப் போனில் இதே கட்டடத்தைக் காட்டினார். சர்ச்சுப் படம் மாட்டிய வீட்டுக்காரன் கரகம் தூக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"எம்மக நிரோஷா டெங்குக் காய்ச்சல்ல கெடந்தப்ப, புள்ள பொழைச்சா கரகம் தூக்குறேன்னு ஆத்தாவுக்கு நேர்ந்தேன்." சண்முகராஜா அப்போதுதான் உட்கார்ந்தார். "பொழைச்சிட்டா. எங்கப்பாவுக்குப் பொறகு இந்த வருசந்தான் எங்க குடும்பத்துக்கு மொற வந்திருக்கு. கரகம் தூக்குறவன் காலுக்கு லயத்துல வீடு வீடாத் தண்ணி ஊத்துவாங்க. அதெல்லாம் போவட்டும். ஆத்தா மொகத்துல நான் எப்புடி முழிப்பேன்?"

"அப்ப யாரு தூக்குறது?"

"தம்பி கஜேந்திரன். கேட்டதுமே அழுதுட்டான் நானா. 'கடைக்காரரோட சண்டை வேணாம், அங்க போகாதீங்க அண்ணே'ன்னு கால்ல விழாத கொறையாச் சொன்னான். அவனுக்கு இருக்கிற மனசு ஒங்களுக்கு இல்லியே! பால் காய்ச்சின அன்னைக்கு அன்பளிப்புன்னு அவன் கையிலயே இதக் குடுத்து அனுப்பினீங்களே!"

உடைந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த புஹாரியின் கை நின்றது.

"நான் ஒன்னும் குடுத்தனுப்பல்ல சண்முகம். நீங்க புதுவீட்டுக்குப் போனதே எனக்குத் தெரியாது."

"அப்ப இது?"

புஹாரி அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அரமனை மாதிரி இருக்கணும், சிலுவை தெரியக்கூடாது, அப்படியொரு சர்ச்சுப் படம் தாங்கன்னு கேட்டு வாங்கிட்டுப் போனது ஒங்கட தம்பிதானே?"