டைட்டானிய மோதிரம்

விரல் நாவற்பழ நிறத்துக்கு வந்துவிட்டது.

அவள் அதைப் பார்க்கவில்லை. மருத்துவமனைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் துணி உலர்த்தும்போது குளவி கொட்டியது. பத்து மணிக்குள் கை வீங்கி, கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்துபோனது.

சோப்பு, எண்ணெய், நூல். எதற்கும் அது அசையவில்லை.

நர்ஸ் மோதிரம் அறுக்கும் கருவியை வைத்துத் திருகினார். அதன் சிறிய சக்கரம் வழுக்கியது. மோதிரத்தில் மெல்லிய கீறல் விழுந்தது. அவ்வளவுதான்.

“தங்கம்னா அறுத்துரும். இது என்னது?”

“டைட்டானியம்,” என்றான் அவள் கணவன் செல்வின். கடையில் வாங்கிய மற்ற மோதிரங்கள் அவள் தோலைப் புண்ணாக்கின. இது ஒன்றுதான் ஒத்துக்கொண்டது.

வரிசையில் நின்ற பெரியவர் எட்டிப் பார்த்தார்.

“ராக்கெட்டுக்குப் போடுறதுல்லா. வெட்ட முடியாது. விரலத்தான் எடுப்பாவ.”

நர்ஸ் நகத்தை அழுத்தினார். வெளுத்த இடம் சிவக்கவில்லை. உடனே டாக்டரைத் தேடிப் போனார். செல்வினும் பின்னால் ஓடினான்.

அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

விண்விண்ணென்ற தெறிப்பு நின்றிருந்தது. வலி குறைந்திருந்தது.

குறைந்ததுதான் பயமாக இருந்தது.

அவர்கள் திரும்பி வந்தபோது கூட வந்தவர் பல் டாக்டர், பர்வீன். அவளைத் தன் அறைக்கு அழைத்துப் போனார்.

“வெட்ட முடியாதுன்னு யாரு சொன்னா? பல்லு கட்டுறதுக்குத் தாடையில நான் முறுக்குற ஆணியே இந்த உலோகந்தான். வெட்டிரலாம். ஆனா சூடு பரவாது, வெட்டுற எடத்துலயே நிக்கும். தண்ணி விட்டுக்கிட்டே இருக்கணும்.”

தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சை செல்வினிடம் கொடுத்தார்.

சதைக்கும் மோதிரத்துக்கும் நடுவே மெல்லிய தகடு நுழைந்தது. பல் துளைக்கும் கருவி கீச்சிட்டது. செல்வின் சிரிஞ்சை அழுத்தினான். பாதித் தண்ணீர் அவள் மடியில் விழுந்தது.

திடீரென்று சுட்டது.

“நிப்பாட்டவா?”

அவள் தலையசைத்து மறுத்தாள்.

ஒரு பக்கம் அறுந்தது. குறடால் விரிக்கப் பார்த்தார். விரியவில்லை, வளைந்து பழையபடி மூடிக்கொண்டது. எதிர்ப்பக்கத்தையும் அறுக்க வேண்டியிருந்தது.

இரண்டு துண்டுகளாகத் தட்டில் விழுந்தது.

டாக்டர் நகத்தை அழுத்தி விட்டார். வெளுப்பு. வெளுப்பு. பிறகு, மெதுவாக, சிவப்பு.

“அரை மணி நேரம் வெளிய உக்காருங்க. பாத்துட்டு அனுப்புறேன்.”

வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். செல்வின் எதிரே நின்றான்.

“நான் கையெழுத்துப் போட்டுட்டேன்,” என்றான்.

“எதுக்கு?”

“விரல எடுக்குறதுக்கு. டாக்டரத் தேடிப் போன எடத்துல நர்ஸ் பேப்பர் நீட்டுனாங்க. எனக்கு ஒண்ணும் ஓடல. நீ பொழச்சாப் போதும்னு இருந்துச்சு.”

“நான் உள்ளதான இருந்தேன். என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?”



அவள் விரலை மடக்கிப் பார்த்தாள். கொஞ்சம் மடங்கியது.

பிறகு பெஞ்சில் சற்று நகர்ந்தாள்.

இடம் விட்டாளா, விலகினாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

நின்றுகொண்டே இருந்தான்.