நடக்கும்போது பேச வேண்டும்

“இப்ப எங்க இருக்கீங்க ஐயா?”

“பேக்கரி வாசல்ல இருக்கேம்மா. ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருக்காங்க. ஆனா ரொட்டி வாசனை மாஸ்க்கைத் தாண்டி வருது.”

“எப்படி இருக்கு வாசனை?”

டிரைவர் ஒரு கணம் திகைத்தார். முப்பத்தோரு வருஷ சர்வீஸில், ‘வண்டியை எப்ப எடுப்பீங்க?’, ‘நிறுத்தச் சொன்னா காதுல விழாதா?’ என்றுதான் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். வாசனையை விசாரித்த முதல் ஆள் இந்த நர்ஸம்மாதான்.

“லேசா தீஞ்ச மாதிரி... ஆனா பள்ளிக்கூடம் விட்டு, பசியோட வீட்டுக்குள்ள நுழையற மாதிரி இருக்கும்மா.”

மறுமுனையில் அவள் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “ம்... நடங்க” என்றாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு நெஞ்சு அடைத்தது. எப்படியோ வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் சாய்ந்தார். ரத்தக்குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து நர்ஸ் பார்வையில் தினமும் நடக்கச் சொன்னார்கள். அதற்குள் தொற்று வந்து எல்லாவற்றையும் இழுத்து மூடிவிட்டது. வெளியே போனால் கிருமி, வீட்டிலேயே கிடந்தால் இதயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் அவர் விழி பிதுங்கி நின்றபோதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் வந்தாள் நர்ஸம்மா.

“வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, ஆள் நடமாட்டம் இல்லாத தெருவா பாத்து நடங்க. சாப்பிட்ட உடனே கூடாது. நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை சட்டைப் பையிலேயே இருக்கட்டும். நெஞ்சு இறுக்கினா அங்கேயே உக்காந்துடணும். முக்கியமா, நடந்துக்கிட்டே என்கிட்ட பேசணும். மூச்சு வாங்காம பேச முடிஞ்சா சரியான வேகம். திணறினா வேகம் ஜாஸ்தி.”

ஆரம்பத்தில் ‘வலி இருக்கா, தலை சுத்துதா’ என்று தாளைப் பார்த்துப் படிப்பதுபோலத்தான் கேட்டாள். இப்போது கேள்விகளே வேறு. மரத்தில் என்ன பூ, வானம் எந்த நிறம், எந்த மாடியில் துணி காய்கிறது. அவள் அதிகம் பேசுவதும் இல்லை. ‘நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்’ என்பாள். அவள் குரலுக்குப் பின்னால் ஏதோ ஒரு மெஷின் விட்டுவிட்டுக் கூவும். வார்டு வேலைக்கு நடுவிலும் நமக்காக நேரம் ஒதுக்குகிறாளே என்று டிரைவர் உருகிப்போவார். அவளுக்குச் சொல்வதற்காகவே, பஸ் ஓட்டிய காலத்தில் கண்ணில் படாததையெல்லாம் பார்க்கப் பழகிக்கொண்டார்.

“நான் தொண்டை கிழிய கத்தினப்ப சோபாவை விட்டு அசையல. அந்தப் பொண்ணு போன் அடிக்கறதுக்கு முன்னாடியே ஷூ மாட்டிக்கிட்டு நிக்கறீங்க!” என்று மனைவிக்குக்கூடப் பொய்க்கோபம்.

“டெப்போ வந்துட்டேம்மா. கம்பி வேலிக்கு உள்ள என் வண்டி நிக்குது. கண்ணாடி பூரா தூசி.” “ஒரே ஒரு ரவுண்டு ஓட்டினா போதும்போல இருக்கு.”

“தெரியும் ஐயா” என்றாள் அவள். “வெளியில ஒரு ரவுண்டு... வேற எதுவும் வேணாம்தான்.” சற்றுப் பொறுத்து, “கொஞ்சம் உக்காரலாம்” என்றாள்.

“எனக்கு ஒண்ணும் ஆகலையேம்மா! மூச்சுகூட வாங்கல.”

“நான் சொன்னா உக்காரணும்.”

மறுபேச்சு பேசாமல் பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“காத்து அடிக்குதா ஐயா?”

“அடிக்குதும்மா. சட்டையெல்லாம் படபடங்குது.”



அடுத்த வாரம் செக்கப். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

“அசத்திட்டீங்க. இப்படியே போனா அடுத்த மாசம் வண்டி ஓட்டறதைப் பத்திப் பேசலாம்.”

“எல்லாம் அந்த நர்ஸம்மா புண்ணியம் டாக்டர். தூரமா நின்னாவது ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறேன். எந்த வார்டுல டியூட்டி? இன்னைக்குக் காலையிலகூட அரைமணி நேரம் நடக்க வெச்சாங்க.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

“காலையிலயா? அந்தப் போன் வேலையை நாங்க நிறுத்தியே ரெண்டு மாசம் ஆச்சே! எல்லா நர்ஸையும் தொற்று வார்டுக்கு அனுப்பிட்டோம்.”

“இல்ல டாக்டர். நடுவுல ஒரு நாலு நாள் மட்டும் கூப்பிடல. மத்தபடி ஒரு நாள் தவறினதில்ல...”

டாக்டர் மூடியைத் தேடிப் பேனாவில் மாட்டினார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

“அங்கதான் உங்க நர்ஸம்மாவுக்கும் தொத்திக்கிச்சு. நுரையீரல் ரொம்பக் கெட்டுப்போச்சு. மூணாவது மாடியில ஆக்சிஜன் குழாயோட இருக்காங்க. கட்டிலை விட்டு இறங்கி அம்பது நாளாகுது.”

டிரைவர் வாசலுக்கு வந்து, முதல் தடவையாக அந்த நம்பருக்கு அவரே போன் போட்டார்.

“அம்மா, இன்னைக்கு உனக்கு எந்தத் தெருவைப் பாக்கணும்னு நீ சொல்லு. நான் நடக்கறேன்.”