முதல் லாரி

இணையப் பக்கங்களைக் கட்ட உதவும் ஸ்ட்ரட்ஸின் இரண்டாம் பதிப்பு, முதல் பதிப்போடு எதிலும் ஒத்துப்போகவில்லை. திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டுக்குள் வரும் லாரிகளைப் பதியும் நுழைவுப் பக்கத்தை எழில்மொழி அடியிலிருந்து மாற்றி எழுதினாள். மாலைக்குள் அது ஓடாவிட்டால் வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும். சோதித்துப் பார்க்க, இல்லாத ஒரு லாரிக்கு மனதில் தோன்றிய எண்ணைப் பதிந்தாள். 'அனுமதி' என்று பச்சையில் வந்தது. மேலாளர் கைகுலுக்கினார்.

கேட்டிலிருந்து காவலாளி பக்தவச்சலம் போன் செய்தார்.

"யம்மா, நீ போட்ட வண்டி வந்துகீது. சிஸ்டம் ஜோரா கீது. டிரைவர் பேரு மட்டும் போடாம வுட்டுட்டியே."

எல்லோரும் கீழே ஓடினார்கள். புது சிஸ்டத்தின் முதல் வண்டி என்பதால் பக்தவச்சலம் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். கைதட்டலுக்கு நடுவே லாரி உறுமிக்கொண்டு உள்ளே போனது.

பழங்கள் ஒன்றுகூட நசுங்காமல் வைத்த இடத்திலேயே இருந்தன.